பத்தாயிரத்தோடு முடிவதில்லை

“ஒத்துக்கோ, கட்டு, கிளம்பு.” குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவனுக்குச் சித்தூரிலும் திருப்பதியிலும் கிடைக்கும் சட்ட ஆலோசனை முழுவதும் இந்த மூன்று சொற்களில் அடங்கிவிடுகிறது. டீக்கடை நண்பன் சொல்கிறான். வண்டி முதலாளி சொல்கிறார். நீதிமன்ற வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளும் அதையே சொல்கிறார். பத்தாயிரம் ரூபாயைப் புரட்டு, மாஜிஸ்திரேட் கேட்டால் தலையை ஆட்டு, ரசீதை வாங்கு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். இதற்குப் போய் வக்கீல் எதற்கு, வாய்தா எதற்கு?

இதைச் சோம்பேறி யோசனை என்று ஒதுக்கிவிட முடியாது. இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அதை முழுப் பலத்தோடு எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுக்க வேண்டும். குடித்தவன் குடித்தான், கருவியும் காட்டிவிட்டது. மாதக்கணக்கில் அலைந்து தன் கூலியையும் நீதிமன்றத்தின் நேரத்தையும் பாழாக்குவதைவிட, செய்ததை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டுவது நேர்மையில்லையா? 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்துப்போனார்கள். அப்படிப்பட்ட நாட்டில் உரிமை, நடைமுறை என்று பேசுவது குடித்தவனுக்குக் குடை பிடிப்பதாகாதா? 2025 அக்டோபர் 24 அதிகாலை, கர்னூலுக்குப் பக்கத்தில் சின்னடேகூரில், ஐதராபாத்திலிருந்து பெங்களூரு போய்க்கொண்டிருந்த தனியார் பேருந்து எரிந்து உள்ளே இருந்த 19 பேர் இறந்தார்கள். சாலையில் விழுந்து கிடந்த மோட்டார் சைக்கிள் பேருந்துக்கு அடியில் சிக்கியதால் பற்றிய தீ அது. அந்த வண்டியை ஓட்டி வந்து, பேருந்து வருவதற்கு முன்பே விழுந்து இறந்த இளைஞர் குடித்திருந்தார் என்று தடயவியல் ஆய்வு சொன்னது. இரண்டு நாள் கழித்து ஐதராபாத் காவல் ஆணையர் வி.சி. சஜ்ஜனார், குடித்து ஓட்டுபவர்களைப் பயங்கரவாதிகள் என்றே அழைத்தார்.

அந்தக் கோபம் எனக்கும் உண்டு. குடித்து ஓட்டுவது குற்றம், கொடிய குற்றம். அதில் எனக்கு மறுப்பில்லை. நான் மறுப்பது வேறொன்றை. ‘கட்டினால் முடிந்தது’ என்பதும், ‘குடித்தவனுக்கு ஏது உரிமை’ என்பதும் எதிரெதிர்க் கருத்துகள் போலத் தெரிகின்றன. முன்னது சலுகை காட்டுகிறது, பின்னது சீறுகிறது. ஆனால் இரண்டும் கேட்பது ஒன்றைத்தான்: வழக்கு என்ற ஒன்று நடக்கவே வேண்டாம். இந்த இடத்தில்தான் இரண்டும் தவறுகின்றன.

1. கட்டுவது எதை?

ஹெல்மெட் போடாததற்குக் கட்டும் சலான் போன்றதல்ல இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு ஒரு குற்றப் பிரிவு. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால், முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1க்கு முன்னால் முதல் முறைக்கு 2,000 ரூபாய்தான் இருந்தது. ஐந்து மடங்கு ஏறியது எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அபராதத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ‘சிறை’ என்ற சொல் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

எந்தெந்தக் குற்றத்தை அதிகாரியே பணம் வாங்கிக்கொண்டு முடித்துவைக்கலாம் என்று அதே சட்டத்தின் 200ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது. அதில் 185 இல்லை. ஆகவே சாலையோரத்தில் நின்று “இங்கேயே முடிச்சிக்கலாம்” என்று சொல்லும் அதிகாரம் எந்தக் காவலருக்கும் கிடையாது. அப்படிக் கை மாறும் பணம் லஞ்சம். லோக் அதாலத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்பதும் செல்லாது. சமரசத்துக்கு இடமில்லாத குற்றங்களை லோக் அதாலத் தொடக்கூடாது என்று சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே சொல்லியிருக்கிறது.

ஆகவே நீதிமன்றத்தில் நீங்கள் கட்டுவது கட்டணம் அல்ல. முதலில் நீங்கள் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதப்படுகிறது, பிறகுதான் தொகை. தலையாட்டிய அந்த நொடியிலேயே மேல்முறையீடும் ஏறக்குறைய போய்விடுகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் பற்றி மட்டுமே மேலே போய்க் கேட்கலாம். ‘நான் குற்றம் செய்யவில்லை’ என்று மேல்முறையீட்டில் இனி சொல்ல முடியாது. இவ்வளவும் ஒரு தலையாட்டலுக்குள் இருக்கிறது என்று அந்த மனிதரிடம் யார் சொன்னார்கள்?

2. ‘முடிந்தது’ என்றால் யாருக்கு?

கார் வைத்திருக்கும் ரியல் எஸ்டேட்காரருக்கு முடிந்திருக்கலாம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஜீப் ஓட்டுபவருக்கு அன்றுதான் ஆரம்பம்.

185இன் கீழ் ஒருவரைத் தண்டிக்கும் நீதிமன்றம் அவரை ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பதிலிருந்து குறைந்தது ஆறு மாதத்துக்குத் தகுதி நீக்கம் செய்ய வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. “செய்யலாம்” என்று இல்லை, “செய்ய வேண்டும்” என்றே இருக்கிறது. இது போக இன்னொரு பாதையும் உண்டு. காவலர் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினால், அவர் 19ஆம் பிரிவின் கீழ் முதல் முறைக்கு மூன்று மாதம் நிறுத்திவைக்கலாம், அடுத்த முறை ரத்தே செய்யலாம். ஆனால் அதற்கு முன் உரிமதாரரைக் கூப்பிட்டு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ‘அபராதம் கட்டியாச்சு, இனி என்ன’ என்று ஆர்.டி.ஓ. நோட்டீஸைப் பிரித்துப் பார்க்காமல் அலமாரியில் வைத்துவிடுகிறவர், தன் பக்கத்தைச் சொல்லக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் அதோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறார்.

லைசென்ஸ் போன ரியல் எஸ்டேட்காரர் ஒரு டிரைவரை வைத்துக்கொள்வார். லைசென்ஸ் போன டிரைவர் யாரை வைத்துக்கொள்வது? ஜூன், ஜூலையில் சித்தூர் கூழ் ஆலைகளின் வாசலில் மாங்காய் லோடோடு இரவும் பகலும் வரிசையில் காத்துக்கிடக்கிறார்களே அந்த டெம்போ, டிராக்டர் ஓட்டுநர்கள், அவர்களுக்கு வருடத்தின் வருமானம் அந்த ஒன்றரை மாதத்தில்தான். ஆறு மாதத் தகுதி நீக்கம் என்பது அந்த வீட்டில் பள்ளிக் கட்டணத்தில் ஆரம்பித்து வட்டிக்கடையில் போய் நிற்கும். குடித்திருந்தால் அதை அவர் அனுபவிக்கத்தான் வேண்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் என்ன இழக்கப்போகிறோம் என்பதே தெரியாமல் ஒருவர் தலையாட்டுவதை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

காப்பீட்டையும் பார்க்க வேண்டும். 2007 டிசம்பரில் டெல்லியில் ஒரு போர்ஷே கார் நொறுங்கியது. அதற்கு இழப்பீடு கேட்டு வந்த இஃப்கோ டோக்கியோ, பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஓட்டியவர் மதுவின் பிடியில் இருந்ததால் காப்பீட்டு நிறுவனம் பணம் தரத் தேவையில்லை என்றது. மூச்சு, ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டாலும் சூழ்நிலையை வைத்தே அதை முடிவு செய்யலாம் என்றும் சொன்னது. சூழ்நிலையே போதும் என்றால், நீதிமன்றத்தில் நீங்களே கொடுத்த ஒப்புதல் போதாதா? அடிபட்டவருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் சொல்வதும் உண்டு. “கட்டிட்டு வா” என்று அனுப்பிய முதலாளிக்கே அந்த ரசீது ஒரு நாள் திரும்பி வரும்.

அரசு வேலைக்கான சான்றுறுதிப் படிவம், அமெரிக்க விசா விண்ணப்பம் இரண்டும் கைது உண்டா, தண்டனை உண்டா என்று கேட்கின்றன. மறைத்தால் மறைத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். திருப்பதியில் படித்துவிட்டு வெளிநாட்டுக் கனவோடு இருக்கும் பிள்ளைகள் ஒரு பிறந்தநாள் இரவோடு இதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

3. கருவி பொய் சொல்லாது என்கிறார்கள். கருவியை யார் விசாரித்தார்கள்?

தள்ளாடினாரா, உளறினாரா என்பதை 185ஆம் பிரிவு கேட்பதில்லை. எண்ணை மட்டுமே கேட்கிறது. 30க்கு மேல் போனால் குற்றம், போகாவிட்டால் இல்லை. அப்படியென்றால் இந்த வழக்கில் சாட்சி ஒரு பொறிதான். கொலை வழக்கில் கண்ணால் பார்த்த சாட்சியைக்கூட மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை செய்கிறோம். இந்தச் சாட்சியிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது என்றால், அதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. கருவி கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது? அச்சுத்தாளில் தேதி, நேரம், பெயர் சரியாக இருக்கின்றனவா? முந்தைய ஆள் ஊதியதன் மிச்சம் உள்ளே தங்கவில்லை என்று எப்படித் தெரியும்? இந்தக் கடைசிக் கேள்வி வெறும் வாதத்துக்காகக் கேட்பதல்ல. ஊதுவதற்கு முன் வெற்றுக் காற்றை வைத்துச் சோதித்தபோது கருவி பூஜ்யம் காட்டாத ஒரு வழக்கில், அந்த அளவை நம்ப முடியாது என்று 2025இல் கேரள உயர் நீதிமன்றம் 185ஆம் பிரிவு நடவடிக்கையைத் தள்ளுபடி செய்தது. கருவி அளப்பது மூச்சை. சட்டம் கேட்பது ரத்தத்தை. மூச்சில் இருப்பதை 2,100ஆல் பெருக்கி ரத்தக் கணக்கு சொல்கிறார்கள். வாயில் மருந்தோ மதுவோ கொஞ்சம் ஒட்டியிருந்தால் எண் தாவும். அதனால்தான் கால் மணி நேரம் விட்டு மறுபடி ஊதச் சொல்வது முறை.

இதைத் தப்பிக்கும் வழியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊத மாட்டேன் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. சந்தேகிக்கக் காரணம் இருந்து காவலர் கேட்டால் ஊதத்தான் வேண்டும். மறுத்தால் 203ஆம் பிரிவின்படி வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். 204இன்படி ரத்தம் எடுக்கச் சொல்லலாம். அந்த மறுப்பையே 205ஆம் பிரிவு உங்களுக்கு எதிரான சூழ்நிலையாக எடுத்துக்கொள்ளும். தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வற்புறுத்தப்படாத உரிமை ரத்தத்துக்கும் மூச்சுக்கும் நீளாது என்பது 1961இலிருந்து உச்ச நீதிமன்றம் வகுத்த வழியில் நிற்கும் சட்டம். ஊதுங்கள். ஊதிய பிறகு வந்த எண்ணின் அச்சுத்தாளைக் கேளுங்கள். கைதானால் மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அது சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் தாள்.

4. எந்த மொழியில் ஒப்புக்கொண்டார்?

தெலுங்குச் சீமையில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த மூலை இது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், சித்தூர் எங்கும் வீட்டுக்குள் தமிழும் வெளியே தெலுங்குமாக வாழ்கிறவர்கள் ஏராளம். பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. இது போகத் தமிழ்நாட்டு வண்டிகள். புரட்டாசி மாதத்தில் காட்பாடி, சித்தூர், காணிப்பாக்கம் வழியாகவும், திருத்தணி, நகரி வழியாகவும் வேன்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. யாத்ரீகர்களை இறக்கிவிட்டு, அவர்கள் தரிசனம் முடித்து வரும்வரை ஓட்டுநர் கீழே திருப்பதியில் காத்திருக்கிறார். மலையில் மதுவுக்கு இடமில்லை, ஊருக்குள் உண்டு. முதல் நாள் இரவு குடித்துவிட்டுப் படுத்தவர், விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுக்கிறார். தான் தெளிந்துவிட்டதாக அவர் உண்மையிலேயே நம்புகிறார். ஆனால் உடல், 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் அளவில்தான் மதுவைக் கழிக்கும். நள்ளிரவில் 150 இருந்திருந்தால் காலை எட்டு மணிக்கு மேல்தான் 30க்குக் கீழே இறங்கும். நிறுத்துகிறார்கள், ஊதச் சொல்கிறார்கள், எண் வருகிறது.

அவர் குற்றம் செய்தவர்தான். பின்னால் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு ஊர் திரும்பவிருந்தவர். பிடித்தது சரி. ஆனால் அடுத்து நடப்பது சரியா? அவர் கையில் ஒரு தெலுங்குத் தாள். “சைன் பண்ணுன்னா” என்கிறார்கள், பண்ணுகிறார். நீதிமன்றத்தில் தெலுங்கில் ஒரு கேள்வி. “அண்ணா, அவுனுன்னு சொல்லிடுங்க” என்று பக்கத்தில் நிற்பவர் காதில் சொல்கிறார். ‘ஆமாம்’ என்பதற்கான தெலுங்குச் சொல்: அவுனு. முடிந்தது.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. சாட்டப்பட்ட குற்றம் என்ன என்பதை மாஜிஸ்திரேட் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதலைக் கூடுமானவரை குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன சொற்களிலேயே பதிய வேண்டும். ஒருவருக்குத் தெரியாத மொழியில் கடன் வாங்கிய ‘அவுனு’ அவருடைய சொல்லாகுமா? 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. எந்தக் குற்றமானாலும், கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அப்போதே முடியாவிட்டால், மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாவது கொடுக்க வேண்டும். இந்தத் தீர்ப்பு பிறந்த வழக்கு எதுவென்று பார்த்தால் திகைப்பாக இருக்கும்: 2024 ஜூலையில் மும்பை வொர்லியில் ஒரு பெண்ணின் உயிரைப் பறித்த பி.எம்.டபிள்யூ கார் வழக்கு. செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைக்காக மூத்த வக்கீல்கள் வாதாடிப் பெற்ற உரிமை அது. அதே உரிமை சித்தூர் ஆட்டோக்காரருக்கும் வேலூர் வேன் ஓட்டுநருக்கும் அப்படியே உண்டு. அவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். ‘குடித்தவனுக்கு ஏது உரிமை’ என்று நாம் சீறும்போது பறிபோவது யாருடைய உரிமை? பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தன் உரிமையைக் கேட்டு வாதாட வக்கீல்கள் இருக்கிறார்கள். பறிபோவது வேன் ஓட்டுநருடையது.

5. நடைமுறை என்பது குற்றவாளி தப்பும் ஓட்டையாம்!

இறந்தவர்களின் பக்கம் நின்று பாருங்கள். எல்லாமே தலைகீழாகத் தெரியும்.

2019 ஆகஸ்ட் 3 அதிகாலை, திருவனந்தபுரத்தில் ஒரு நாளிதழின் செய்தியாளர் கார் மோதி இறந்தார். காரில் இருந்தவர் ஓர் இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ரத்தம் எடுத்தது பல மணி நேரம் கழித்து. ஆய்வில் மது காணப்படவில்லை. மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: பத்து மணி நேரத்தில் 150 மில்லிகிராம் கரைந்துவிடும். அவர் குடித்திருந்தாரா இல்லையா என்று நான் சொல்ல வரவில்லை. அது இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத கேள்வியாகிவிட்டது. செத்தவரின் குடும்பத்துக்கு நேர்ந்த அநியாயம் அதுதான். 2024 மே மாதம் புனேயில் போர்ஷே கார் இரண்டு உயிர்களை எடுத்தது. ஓட்டியதாகச் சொல்லப்பட்ட சிறுவனின் ரத்த மாதிரியே மாற்றி வைக்கப்பட்டதாக வழக்குப் பதிந்து மருத்துவர்களைக் கைது செய்தார்கள். 2002 பாந்த்ரா விபத்தில் நடிகர் சல்மான் கானுக்கு 2015 மே மாதம் விசாரணை நீதிமன்றம் ஐந்து வருடம் விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ரத்த மாதிரியைக் கையாண்ட விதத்தில் இருந்த சந்தேகங்களும் அதற்கு ஒரு காரணம்.

இவற்றோடு கார்ட்டர் சாலை வழக்கை வைத்துப் பாருங்கள். 2006 நவம்பரில் மும்பையில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த ஏழு பேர் செத்த விபத்து. அங்கே ரத்தப் பரிசோதனை 112 மில்லிகிராம் காட்டியது, அந்த அளவு நீதிமன்றத்திலும் நின்றது. கொலையாகாத மரணக் குற்றத்துக்கு விதித்த மூன்றாண்டுச் சிறையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ரத்தம் ஒழுங்காக எடுக்கப்பட்ட இடத்தில் தண்டனை நிலைத்தது.

இப்போது 202ஆம் பிரிவைப் படியுங்கள். குடித்து ஓட்டியதற்காகக் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். வழக்கே போய்விடும் என்று இதற்குப் பொருள் இல்லை, காவலில் வைத்திருக்க முடியாது என்பதுதான் பொருள். ‘பார், குடிகாரனுக்குச் சலுகை’ என்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரக் கெடு திருவனந்தபுரத்தில் மதிக்கப்பட்டிருந்தால் யாருக்கு நன்மை? கைதானவரை வீணாகக் காவலில் வைக்காமல் காக்கிற அதே கடிகாரம்தான் செத்தவருக்கான ஆதாரம் கரையாமலும் காக்கிறது. ஓட்டுநரின் உரிமையையும் செத்தவரின் நியாயத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்கள் இந்தப் பிரிவை ஒரு முறைகூடப் படித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

6. பயமுறுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறோம்.

‘கட்டினால் முடிந்தது’ என்பது குடித்தவனுக்கு மிகவும் பிடித்த வாசகம். பையில் பத்தாயிரம் இருப்பவனுக்கு அது தண்டனை அல்ல, அனுமதிக் கட்டணம். கூலித் தொழிலாளிக்கு அதே தொகை ஒரு மாதச் சோறு. ஆறு மாதச் சிறை, குறைந்தது ஆறு மாத லைசென்ஸ் இழப்பு, இரண்டாம் முறைக்கு இரண்டு வருடம் என்று சட்டம் அடுக்கிவைத்திருப்பதில், காலை பத்தரை மணிக்கு வரிசையில் நிற்கவைத்து மதியத்துக்குள் வசூலிக்கும் முறை கீழ்ப்படியை மட்டும் எடுத்துக்கொண்டு மேற்படிகளை மறந்துவிடுகிறது. “இத்தனை பேருக்கு இத்தனை லட்சம் அபராதம்” என்று மாவட்டப் பக்கங்களில் செய்தி வருகிறது. அதில் எத்தனை பேரின் லைசென்ஸ் போனது, எத்தனை பேர் மறுபடி பிடிபட்டவர்கள் என்பதை நான் தேடிப் பார்க்கிறேன். கண்ணில் படுவதில்லை.

இரண்டாம் முறைக்குக் கடுந்தண்டனை என்றால், முதல் முறை ஒழுங்காகப் பதிவாகியிருக்க வேண்டும். அவசர அவசரமாக வாங்கிய ‘அவுனு’க்களின் மேல் அந்தக் கட்டடம் நிற்காது. முதல் ஒப்புதலே செல்லாது என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் நிறுவிவிட்டால், இரண்டாம் முறை மாட்டியவனும் முதல் முறைக்காரனாகத்தான் நிற்பான்.

7. வண்டியைப் பிடித்து ஸ்டேஷனில் போட்டால்தான் புத்தி வரும் என்கிறார்கள்.

குடித்தவரின் கையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வண்டியை வாரக்கணக்கில் வெயிலில் போட்டுவைக்க 185 இடம் தரவில்லை; பெர்மிட், பதிவுச்சான்று இல்லாத வண்டிகளுக்கான 207ஆம் பிரிவிலும் இது வராது. 2021 நவம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கூட இருப்பவர் குடிக்காமல், லைசென்ஸோடு இருந்தால் வண்டியை அவரிடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உறவினரையோ நண்பரையோ வரவழைக்கலாம். யாரும் இல்லாதபோதுதான் காவல் நிலையத்தில் பத்திரப்படுத்தி, பிறகு உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். 2019இல் ஆந்திரத்துக்குத் தனி உயர் நீதிமன்றம் வந்துவிட்டதால் அந்தத் தீர்ப்பு இங்கே கட்டாயமில்லை. ஆனால் படிக்கும் சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான்.

8. அரசு மட்டும் கை கழுவிக்கொள்ளலாமா?

தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. சில மாதங்களில் சிற்றூர்களுக்கு 220 மீட்டராகவும், பிறகு நகராட்சி எல்லைகளுக்கு விலக்காகவும் அது இளகியது. ஆந்திரத்தில் 2019 முதல் அரசே கடை நடத்தியது. 2024 அக்டோபரில் தனியார் கடைகள் வந்தன, கூடவே 99 ரூபாய்க் குவார்ட்டரும் வந்தது. விற்ற வரியை ஒரு கையால் வாங்கி, குடித்தவனின் அபராதத்தை இன்னொரு கையால் வாங்குகிற அரசு, குடித்தவனைக் குறை சொல்வதற்கு முன்னால், தான் அனுமதித்த கடை வாசலில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குடித்தவரின் பொறுப்பை இது குறைக்காது. அரசின் பொறுப்பு தனிக் கணக்கு, அதையும் கேட்க வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொள்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. எண் சரி, நடைமுறை சரி, தான் குடித்ததும் உண்மை என்றால் ஒப்புக்கொள்வதுதான் மனிதத்தனம். தெரிந்து ஒப்புக்கொள்ளட்டும் என்கிறேன். அதற்குப் பெரிய செலவில்லை. சித்தூர், திருப்பதி வழக்கறிஞர் சங்கங்களும் சட்டப் பணிகள் ஆணையமும் சேர்ந்து, தெலுங்கிலும் தமிழிலும் ஒரே ஒரு தாள் அச்சடிக்கலாம். சோதனை நடக்கும் இடத்திலும் நீதிமன்ற வாசலிலும் கொடுக்கலாம். அதில் இவ்வளவு இருந்தால் போதும்: ஊத மறுக்க முடியாது. சாலையில் யாரிடமும் பணம் கட்டாதே. அச்சுத்தாளை வாங்கிக்கொள். இது ஜாமீனில் விட வேண்டிய குற்றம், வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல், வக்கீலைப் பார்க்கக் கேள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே, தமிழில் சொல்லச் சொல். ஒப்புக்கொண்டால் லைசென்ஸ் குறைந்தது ஆறு மாதம் போகும், சிறையும் போக நேரலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. கூப்பிட வேண்டிய எண் 15100.